கதவு நிலவறையில் இருக்கிறது

ஒமாஹாவிலிருந்து லூலியோவுக்கு
மூன்று விமானம் மாறி வந்தாள் லொரெட்டா.
ஒரு பெட்டியில் துணி.
இன்னொன்றில், தட்டையாக மடித்த கம்பிச் சுவர்கள்.
துணிப்பெட்டி மூன்று நாள் திறக்கப்படவே இல்லை.
கம்பிகளை அன்றிரவே சமையலறை மூலையில் நிமிர்த்தி
தன் கம்பளிச் சட்டையை உள்ளே விரித்தாள்.
டக்கர் நுழைந்தான், மூன்று சுற்று சுற்றினான்,
மூக்கை வாலுக்குள் செருகிக்கொண்டான்.
க்ளிக், தாழ்ப்பாள்.
பெருமூச்சு விட்டார்கள் இருவரும்.

ஏலக்காய் ரொட்டியோடு வந்தாள் கீழ்வீட்டு குன்வோர்.
மூலையைப் பார்த்தாள்.
காபியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தாள்.
எங்கள் ஊரில் அது
வழக்குத் தொடுப்பதற்கு ஒரு படி கீழே.

"அவனுக்கு அது படுக்கையறை" என்றாள் லொரெட்டா.
"உன் படுக்கையறைக்கும்
தாழ்ப்பாள் வெளிப்பக்கம்தானா?"

கூடு என்கிறாள் ஒருத்தி,
கூண்டு என்கிறாள் மற்றவள்.
நடுவே ஒரேயொரு மெல்லின ஒற்று.
அதில் மென்மை இல்லை.

மாடிப்படியில் என்னை மட்டும் நிறுத்தி
"சட்டம் தெரியும்தானே, ஹோகன்?" என்றாள் குன்வோர்.
தெரியும்.
பயணத்துக்கு என்றால் பெட்டி. வீட்டில் என்றால் குற்றம்.
எஃகு ஆலைக்கு இரவு வேலைக்குப் போகிறவன் நான்,
யாரோடும் பகலில் சண்டை போட நேரமில்லாதவன்.

அடுத்த சனிக்கிழமை, குளிர் மைனஸ் ஆறு.
காபிக்கடை வாசலில் மூன்று தள்ளுவண்டிகள்,
மூன்றிலும் தூங்கும் பிள்ளைகள்,
ஒன்றின் போர்வையில் பனித்தூள்.
"யார் விட்டுப்போனது?" என்று நடுங்கி
இருபத்திரண்டு நிமிடம் காவல் நின்றாள் லொரெட்டா.
மேலுதட்டில் பால்நுரையோடு வெளியே வந்த தாய்
அன்பாகக் கேட்டாள்:
"ஏதாவது தொலைத்துவிட்டீர்களா?"

அன்றிரவு:
"பிள்ளையைப் பனியில் வைப்பீர்கள்,
நாயைப் பெட்டியில் வைத்தால் நான் கொடுமைக்காரியா?"
நானும் பனியில் தூங்கி வளர்ந்தவன்.
காற்று நல்லது என்றேன்.
கதவும் நல்லது என்றாள்.

அப்புறம், வெகுநேரம் கழித்து, சுவரைப் பார்த்துக்கொண்டு:
அவளுடைய முதல் நாய்
யாருமில்லாத ஒரு மதியம்
குப்பைக்கூடையைக் கவிழ்த்து
மக்காச்சோளத் தக்கையை விழுங்கியது.
அவள் வேலை முடிந்து வந்தபோது
அடுப்புக்குக் கீழே விறைத்துக் கிடந்தது.
அந்த நாயின் பெயரைச் சொல்லவில்லை.
நானும் கேட்கவில்லை.

ஆனாலும் சட்டம் சட்டம்தான்.
ஞாயிற்றுக்கிழமை குறடு எடுத்து
கதவின் கொக்கிகளை நானே நெரித்துக் கழற்றினேன்.
லொரெட்டா அடுத்த அறையில்
மடித்த துணியையே மடித்துக்கொண்டிருந்தாள்.
நிலவறையில், பனிச்சறுக்குக் கட்டைகளுக்கு நடுவே
தொங்குகிறது இப்போது அந்தக் கதவு.

டக்கர் நுழைந்தான். மூன்று சுற்று.
படுக்கவில்லை.
கதவு இருந்த இடத்தையே பார்த்து நின்றான்,
ரயில் வரும் திசையைப் பார்ப்பவன்போல்.
கால்மணி. அரைமணி.
காலணியைக் கையில் பிடித்தபடி
நான் கிளம்பும் நேரம்,
இருட்டில் லொரெட்டா முழங்காலிட்டு
நாக்கை அண்ணத்தில் ஒட்டி எடுத்தாள்:
க்ளிக்.
படுத்தான்.

ஜூனில் அவள் தம்பியின் திருமணம்.
இருவரும் ஒமாஹா போனோம்.
நாயை வைத்துக்கொள்கிறேன் என்று தானே கேட்டாள் குன்வோர்,
திறந்த பெட்டியையும் சேர்த்து.
இங்கே மாலை ஐந்து, அங்கே நள்ளிரவு,
அங்கே நள்ளிரவிலும் வெளிச்சம்.
தொலைபேசியில் அவள் குரல் களைத்திருந்தது.
சோபாவைக் கொடுத்தாளாம், கட்டிலையும் கொடுத்தாளாம்.
"உள்ளேயே நிற்கிறான், ஹோகன்.
எதற்காகவோ காத்திருக்கிறான்."

சொன்னேன்.

அந்தப் பக்கம் நீண்ட மௌனம்.
கடிகாரம் கேட்டது, நாயின் நகம் கேட்டது.
பிறகு, தொண்டையைச் செருமிக்கொண்டு,
அக்கம்பக்கம் யாரும் கேட்டுவிடக் கூடாதென்பதுபோல்
மிகச் சின்னதாக,

க்ளிக்.